இறந்தவருக்கு இழைத்த அநீதியும் கிருபையினால் வரும் மன்னிப்பும்

வாசகர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: இளம் வயதில் வேலைபார்த்த நிறுவனத்தில் பணம் எடுத்துவிட்டேன். கணக்கில் குறைவு தெரியவந்தபோது, உடன் வேலைபார்த்த ஒருவர்மேல் பழியைப் போட்டு, விசாரணையில் பொய்ச்சாட்சியும் சொன்னேன். அவர் வேலையை இழந்தார். திருடன் என்ற பெயரைச் சுமந்தே வாழ்ந்து இறந்துபோனார். மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பின்னாளில் நான் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் பெற்றேன். சபை மூப்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இயேசுவின் இரத்தம் அதைக் கழுவிவிட்டது, இனி வாயில் எடுக்காதீர்கள்" என்றார். உறவினர் ஒருவரோ, உபவாசமும் தானதர்மமும் செய்தால்தான் தேவன் இரங்குவார் என்கிறார். என் பாவம் உண்மையிலேயே மன்னிக்கப்பட்டதா? மன்னிக்கப்பட்டது என்றால், அது அந்த மனிதருக்குச் செய்யப்படும் இன்னொரு அநியாயம் ஆகாதா? இரட்சிப்பில் என் செயல்களுக்கு இடம் உண்டா? எனக்குள் ஏன் சமாதானம் இல்லை? இந்த நிலையில் நான் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா?

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மன்னிப்பைப் பற்றிக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் சமாதானத்தைப் பற்றியே கேட்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று கேட்பவர்கள் அரிது. இது அவிசுவாசத்திலிருந்து எழுந்த கேள்வியன்று. உன் சகோதரனுடைய இரத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது என்று காயீனிடம் சொன்ன தேவனே முதலில் எழுப்பிய கேள்வி இது. இதற்கு விடை சொல்லாமல் "எல்லாம் மன்னிக்கப்பட்டது" என்று நான் எழுதினால், உங்களுக்கு அது ஆறுதலாகவும் இராது, அந்த மனிதருக்கு நியாயமாகவும் இராது.

பாவத்தை ஆத்துமாவின்மேல் படிந்த கறையாகவும், கழுவினால் போய்விடுவதாகவும் பேசிப் பழகியிருக்கிறோம். வேதமும் அப்படிப் பேசுவதுண்டு. 51ஆம் சங்கீதத்தில் தாவீது தம்மைக் கழுவும்படியே மன்றாடுகிறார். ஆயினும் அதை மட்டும் சொல்லி நிறுத்தும்போது, பாவம் எனக்கும் தேவனுக்கும் இடையிலான அந்தரங்கக் காரியமாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் காயப்பட்ட மனிதர் காட்சியிலிருந்தே மறைந்துபோகிறார். ஆதியாகமம் அவரை மறைப்பதில்லை. மூன்றாம் அதிகாரத்தில் தேவனுக்குக் கீழ்ப்படியாமற்போன மனிதன் முதலில் ஒளிந்துகொள்கிறான். கண்டுபிடிக்கப்பட்டதும் அருகிலிருக்கும் தன் துணையைக் கைகாட்டுகிறான். நான்காம் அதிகாரத்தில் அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டு, அவனைப் பற்றி எனக்கென்ன கேள்வி என்கிறான். தேவனோடு முறிந்த உறவு மனிதரோடும் முறிய அதிக நேரம் ஆகவில்லை. அச்சம், மறைப்பு, பிறர்மேல் பழி என்று அங்கே நடந்த அதே வரிசையில்தான் அன்று அந்த விசாரணையிலும் நடந்திருக்கிறது. எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களானார்கள் என்று ரோமர் 3:23ல் பவுல் எழுதுவது, ஒவ்வொருவரும் ஏதோ சில தவறுகளைச் செய்திருக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பு அன்று. இந்தச் சாய்வு நம் எல்லாரிடமும் வேரோடியிருக்கிறது என்ற அறிவிப்பு. அது நம்மிடம் வந்த வழியைப் பற்றித் திருச்சபைகள் வேறுவேறாகச் சொல்வதுண்டு. ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீனைப் பின்பற்றிய மேற்குத் திருச்சபை ஆதாமின் குற்றத்திலேயே நமக்குப் பங்கு உண்டு என்றது; கிழக்கின் வைதீகத் திருச்சபைகள் ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் சீர்கேடும் என்றே வலியுறுத்துகின்றன. நாமாகவே அதிலிருந்து வெளியேற முடியாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மேலே சொன்ன அதே சங்கீதத்தில் பலரைத் திகைக்க வைக்கும் ஒரு வரி உண்டு: "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து". உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் சாகக்கொடுத்த ஒருவர் இப்படிச் சொல்லலாமா? உரியாவைக் கணக்கில் சேர்க்காமல் விட்ட வரியாக அது தோன்றும். நான் அதை அப்படி வாசிப்பதில்லை. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கம், அயலானை ஏமாற்றுவதையும் பொய்யாணை இடுவதையும் கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்றே அழைக்கிறது. அயலானுக்குச் செய்தது கர்த்தருக்குச் செய்தது. ஏனெனில் அந்த அயலான் கர்த்தருடையவன். உரியா தேவனுடையவராக இருந்ததால்தான் தாவீது தேவனுக்கு முன் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் பழி சுமத்திய மனிதரும் அப்படியே. அவர் தேவனுக்கு உரியவர். ஆகவே அந்தக் குற்றத்தை மன்னிக்கும் உரிமையும் தேவனுக்கு உண்டு. சம்பந்தமில்லாத மூன்றாமவர் ஒருவர் அவர் சார்பில் தாராளம் காட்டுவதாக இதை எண்ண வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதே இந்தப் பதிலில் எனக்கு முக்கியமானது. இயேசு எந்த வழியாய்ச் சிலுவைக்குப் போனார் என்று மாற்கு 14ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தார் அவருக்கு விரோதமாகச் சாட்சி தேடினார்கள். அநேகர் எழுந்து பொய்ச்சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆயினும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. உங்கள் உடன் ஊழியர் நின்ற இடத்தில் இயேசு நின்றிருக்கிறார். குற்றமற்றிருந்தும் குற்றவாளியாகப் பெயரெடுத்து, அந்தப் பெயரோடே இறந்தார். உங்களை மன்னிக்கிறவர், பொய்ச்சாட்சியினால் அழிக்கப்பட்டவர்களின் வரிசையிலிருந்து பேசுகிறவர். அந்த மன்னிப்பு அந்த மனிதரைத் தாண்டிக்கொண்டு உங்களிடம் வரவில்லை; அவருடைய பக்கத்திலிருந்தே வருகிறது. உயிர்த்தெழுதலில் பிதா செய்தது அந்தப் பொய்த் தீர்ப்பை ரத்துசெய்ததுதான். எனவே நியாயத்தீர்ப்பு நாள், பொய்யாய்ப் பழிசுமத்தப்பட்டு இறந்த ஒவ்வொருவருக்கும் நற்செய்தியாகவும் இருக்கிறது. உலகம் அவருக்குக் கொடுத்த பெயர் கடைசிப் பெயராக நிற்கப்போவதில்லை.

சிலுவை பாவத்தை எவ்வாறு தீர்க்கிறது என்பதைத் திருச்சபையின் இறையியலாளர்கள் பல விதமாக விளக்கினார்கள். நான்காம் நூற்றாண்டின் அத்தனாசியு, மரணத்தின் ஆட்சியை வார்த்தையானவராகிய கிறிஸ்து உட்புகுந்து முறித்தார் என்றார். 1098ஐ ஒட்டி ஆன்செல்ம், தேவனுக்குரிய மகிமையை மனிதன் திருப்பிக் கொடுக்க இயலாதபோது தேவமனிதர் அதைக் கொடுத்தார் என்றார். சீர்திருத்தவாதிகள், நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார்கள். இவற்றில் எதுவும் தேவன் பாவத்தைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டார் என்று சொல்வதில்லை. தேவன் தாமே நீதியுள்ளவரும், இயேசுவை விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவருமாய் இருக்கிறார் என்று ரோமர் 3:26 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: ஆம், மன்னிக்கப்பட்டது. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று 1 யோவான் 1:9 சொல்வதில், இரக்கமுள்ளவர் என்று எதிர்பார்க்கும் இடத்தில் நீதியுள்ளவர் என்று வருவதைக் கவனியுங்கள். நீதியைக் கைவிட்டு உங்களை மன்னிக்கும் தேவன் அவர் இல்லை.

உங்கள் உறவினரின் அறிவுரை நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆனால் அது சுவிசேஷம் ஆகாது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியு என்ற துறவி, மனிதன் தன் சித்தத்தின் பலத்தினாலேயே பாவமின்றி வாழ முடியும் என்று போதித்தபோது அகுஸ்தீன் அதைக் கடுமையாக எதிர்த்தார். 418ல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாகியுவின் போதனையைக் கண்டித்தது. கிருபை நம் முயற்சிக்குக் கிடைக்கும் பரிசானால் அது கிருபையாகவே இராது. நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்வதால், உங்கள் உபவாசத்தை எதிர்பார்த்துத் தேவன் காத்திருக்கவில்லை. அதற்கும் மேலாக, இறந்துபோன ஒருவருடைய நற்பெயரை எத்தனை தானம் கொடுத்து ஈடுகட்டுவீர்கள்? வேறு யாருக்கோ கொடுக்கும் தர்மம், அவர் குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமலிருக்க ஒரு மறைவிடமாகவும் ஆகிவிடலாம்.

மூப்பர் சொன்னதில் முதல் பாதி சத்தியம். இரண்டாம் பாதியை நான் ஏற்க மாட்டேன். இயேசுவின் இரத்தத்தைச் சொல்லி ஒரு பொய்யை மூடிவைக்கும்படி ஒருவருக்கு ஆலோசனை கூறுவது, அந்த இரத்தத்தின் நோக்கத்துக்கே எதிரானது. 1937ல் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை மலிவான கிருபை என்று கண்டித்தபோது, திருச்சபைகளே அதை வழங்கிக்கொண்டிருந்ததைத்தான் சுட்டினார். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6ல் பவுலும் கேட்டு, கூடாதே என்று உடனே மறுக்கிறார். அந்தப் பொய் இன்றும் உயிரோடு இருக்கிறது, சகோதரரே. அந்த வீட்டில் தகப்பனைப் பற்றிப் பேசப்படும் ஒவ்வொரு முறையும் அது பேசுகிறது. நீங்கள் மௌனமாயிருக்கும் வரை, அன்று சொன்ன சாட்சியை இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அப்படியானால் செயல்களுக்கு இடம் எங்கே? எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் கிருபையினால் இரட்சிக்கப்பட்டதைச் சொல்லும் 8, 9ஆம் வசனங்களை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். நற்கிரியைகளைச் செய்வதற்கென்று கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்ற 10ஆம் வசனத்தை அதே ஊக்கத்தோடு சொல்வதில்லை. காய்ச்சல் நீங்கியவன் எழுந்து நடப்பது மருத்துவருக்குக் கொடுக்கும் கூலியாகாது. அவன் நடக்காமலே படுத்திருந்தால் மட்டும், சுகமானானா என்று கேட்க வேண்டியிருக்கும். யாக்கோபு தம் நிருபத்தில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1517ல் தொடங்கிவைத்த விவாதமும், 1547ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துச் சங்கம் அதற்கு அளித்த மறுமொழியும் மேற்குத் திருச்சபையை நூற்றாண்டுகளுக்குப் பிரித்து வைத்தன. ஆயினும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம் தகுதி எதுவும் காரணமாக இல்லாமல் கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், அவர் அருளும் பரிசுத்த ஆவியானவர் நம் இருதயங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறார் என்றும் இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட வழிசெய்தது. 2006ல் உலக மெதடிஸ்ட் மன்றமும் அதில் இணைந்தது. எல்லா வேறுபாடுகளும் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டிய அளவுக்கு அவர்களிடையே ஒருமை உண்டு.

லூக்கா 19ல் வரும், வரி வசூலித்த சகேயுவின் நிகழ்ச்சியில் இந்த வரிசை தெளிவாக இருக்கிறது. அவன் எதையும் திருப்பிக் கொடுக்கும் முன்பே, உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொல்லிவிடுகிறார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொல்வது அதற்குப் பின்புதான். அந்த விருந்தை அவன் விலைகொடுத்து வாங்கவில்லை. ஆனாலும் விருந்துக்கு வந்தவரோடு ஒரே கூரையின்கீழ் இருந்தபின், ஏமாற்றிச் சேர்த்ததை வைத்துக்கொண்டு அவனால் இருக்க முடியவில்லை.

சமாதானம் இல்லாததைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும்; இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தேவன் மன்னித்தாரா என்ற ஐயம் ஒன்று. லூதர் மடத்தில் இருந்த நாட்களில் தம் பாவங்களை ஒன்றுவிடாமல் மணிக்கணக்கில் அறிக்கையிட்டும் நிம்மதி காணாமல் தவித்தார். அவருடைய ஆன்மிகத் தந்தையாக இருந்த ஸ்டவுப்பிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிராமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பினார். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்று 1 யோவான் 3:20 சொல்கிறது. உணர்வு வந்தபின் விசுவாசிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மற்றொன்று, செய்ய வேண்டியது ஒன்று செய்யப்படாமல் கிடப்பதால் வரும் கலக்கம். இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாவத்தைக் குறித்து உணர்த்தும் பரிசுத்த ஆவியானவரின் வேலையாகவே இதை நான் காண்கிறேன். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டாவதுதான் மேலோங்கியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. இயேசுவைக் கைவிட்ட சீஷர்களில் யூதாஸ்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவன். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டவனும் அவனே. ஆனால் அவன் அந்த 30 வெள்ளிக்காசோடு பிரதான ஆசாரியரிடம் போனானேயன்றி இயேசுவிடம் போகவில்லை; நம்பிக்கையற்றே மடிந்தான். பேதுருவிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றுமே இல்லை. மும்முறை மறுதலித்தவர், உயிர்த்தவருக்கு முன் மும்முறை கேள்வி கேட்கப்பட நின்றார். பரிகாரம் செய்யப் புறப்படும் முன் நீங்கள் மன்னிக்கப்பட்டவர் என்பதில் நிலைத்து நில்லுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். குற்றவுணர்வு உறக்கத்தையோ வாழும் விருப்பத்தையோ பறிக்கும் நிலைக்கு வந்தால், தாமதிக்காமல் மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். அதைத் தேடுவது விசுவாசத்துக்கு முரணாகாது.

செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். லேவியராகமம் 6ம் எண்ணாகமம் 5ம், வஞ்சித்து எடுத்ததை முழுவதுமாகவும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்கச் சொல்கின்றன. எண்ணாகமம் இன்னொரு நுட்பமும் சேர்க்கிறது: பாதிக்கப்பட்டவர் இல்லாமல், ஈட்டை வாங்கிக்கொள்ள அவருக்கு உறவினரும் இல்லாமற்போனால், அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் சேர வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்பதால் கடமை இறந்துவிடுவதில்லை. அந்தச் சட்டத்தின் எழுத்து கிறிஸ்தவனைக் கட்டுப்படுத்துவதாக நான் சொல்லவில்லை. தேவனுடைய மனது அதில் தெரிகிறது. 1992ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும், பாவமன்னிப்பு பெற்றவர் திருடியதைத் திருப்பித் தரவும், அவதூறுக்கு ஆளானவரின் நற்பெயரை மீட்டுத் தரவும் கடமைப்பட்டவர் என்கிறது. நீங்கள் எச்சபையைச் சேர்ந்தவராயினும் அந்த வரி உங்களுக்குப் பொருந்தும்.

முதலில் முதிர்ச்சியுள்ள போதகர் ஒருவரிடம் முழுவதையும் சொல்லுங்கள். உங்களை அவசரமாகச் சமாதானப்படுத்த விரும்பாத ஒருவராக அவர் இருக்கட்டும். உங்கள் மனைவிக்குத் தெரியாதென்றால், வெளியிலிருந்து அவர் கேள்விப்படும்படி விடாதீர்கள். சட்டரீதியான விளைவுகள் இருக்கலாம் என்பதால் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுங்கள். தப்பும் வழி கேட்பதற்காகப் போக வேண்டாம், சரியாகச் செய்யும் வழி கேட்பதற்காகப் போங்கள். அந்தக் குடும்பத்தின் வீட்டு வாசலில் திடீரென்று போய் நிற்காதீர்கள். சுருக்கமாக ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது அவர்கள் நம்பும் ஒருவர் மூலம் சொல்லியனுப்புங்கள்: பணத்தை எடுத்தவன் நான், உங்கள் கணவர் குற்றமற்றவர், நான் பொய் சொன்னேன், இதை நிறுவனத்துக்கும் எழுத்தில் தர ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் இளமைக்கால வறுமையையோ அச்சத்தையோ அதில் விவரிக்க வேண்டாம். நீங்கள் இரட்சிக்கப்பட்ட சாட்சியையும் அதில் சேர்க்க வேண்டாம். அதை அவர்கள் கேட்டால் பிறகு சொல்லலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, மன்னிக்கும்படி அவர்களை நெருக்காதீர்கள். நீங்கள் அங்கே போவது ஒரு மனிதரின் பெயரைத் திருப்பிக் கொடுப்பதற்காக. உங்கள் பாரத்தை அந்த அம்மையாரின் தோளில் இறக்கிவைப்பதற்காக அன்று. பணஈட்டைப் பற்றியும் அவர்களே முடிவுசெய்யட்டும். நிறுவனத்திலிருந்து எடுத்ததை நிறுவனத்துக்குத் திருப்புங்கள். சபையில் இதை ஒரு சாட்சியாக எழுந்து சொல்லும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் உங்களைப் பாராட்டுவார்கள், அந்தக் குடும்பம் மறுபடியும் பேச்சுப்பொருளாகும்.

திருவிருந்தைப் பற்றி: காணிக்கையோடு பலிபீடத்தண்டையில் வந்தபின் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முன்பு அவனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் மத்தேயு 5ல் சொல்கிறார். போகவே மாட்டேன் என்று தீர்மானித்திருக்கும் ஒருவர் அந்த வசனத்தைத் தாண்டிக்கொண்டு அப்பத்தை எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நீங்களோ அந்த மனிதருக்கு அநியாயம் ஆகாதா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்று 1 கொரிந்தியர் 11ல் பவுல் எழுதும்போது, சோதித்தறிவதைப் புசிக்காமலிருப்பதற்கான காரணமாக அவர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்து முடித்தவர்களுக்குப் பரிசாக அந்தப் பந்தி வைக்கப்படவில்லை. உங்கள் சபை ஒழுங்கு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று உங்கள் போதகரிடம் கேட்டுக்கொண்டு, அவர் தடை சொல்லாவிட்டால் வரும் ஆராதனையிலேயே பங்கெடுங்கள். அந்த வாரத்திலேயே கடிதத்தையும் எழுதத் தொடங்குங்கள். அந்த அம்மையார் உங்களை மன்னிக்க மறுக்கலாம், கடிதத்துக்குப் பதிலே வராமலும் போகலாம். அது அவருடைய உரிமை. அதனால் தேவன் உங்களுக்கு அளித்த மன்னிப்பு திரும்பப் பெறப்படுவதில்லை. நிறுவனத்துக்கு நீங்கள் எழுத்தில் தர வேண்டிய உண்மையும் அவருடைய பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.